ஊசி நூலோடு ஒரு நாள்

(ஆடி மாதம் நடந்த நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம். உறுப்பினர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறோம். - ஆசிரியர் குழு)



எனக்குக் குழுவில் பேசித்தான் பழக்கம். மைக் பிடிச்சுப் பேசறது இது ரெண்டாவது தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. "களப்பயணம் போய் வந்தீங்களே, அதைப் பத்திச் சொல்லுங்க"ன்னு தலைவி அம்மா சொன்னாங்க. பயணத்தையும் சொல்றேன், பயணம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததையும் சொல்றேன். ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1989ஆம் வருஷம், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு ஆரம்பிச்சதே பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போ கிருஷ்ணகிரியும் தருமபுரியோடு சேர்ந்துதான் இருந்தது. 2004இல்தான் தனி மாவட்டம் ஆச்சு. அதனால மத்த ஊர்க்காரங்கதான் நம்மளைப் பார்க்க வருவாங்க, நாம போய்ப் பார்க்க என்ன இருக்குன்னு எனக்குள்ள ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்போடதான் போன தை மாசம் கிளம்பினேன்.

சித்தி மக்களின் ஊரில்

எட்டுப் பேர் போனோம். பெங்களூரில் ராத்திரி ரயில் ஏறி, விடிகாலையில் ஹூப்ளியில் இறங்கி, அங்கிருந்து வேன் பிடிச்சு உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள் பக்கம் போனோம். ஒரே காடு. தேக்கு மரமும் மூங்கிலுமா இருக்கு. நடுநடுவே கொஞ்சம் நெல் வயல், பத்து இருபது வீடுகள்.

அங்கே இருக்கிறவங்க சித்தி இன மக்கள். பார்த்தவுடனே நம்ம கூட வந்த ஒரு தங்கச்சி, "அக்கா, இவங்க ஆப்பிரிக்காக்காரங்களா?"ன்னு காதில் கேட்டுது. முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவங்கதான். பல நூறு வருஷத்துக்கு முன்னாடி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவங்க. சில பேர் சிப்பாயா, மாலுமியா வந்தாங்க. நிறையப் பேரை அடிமையா விலை பேசிக் கொண்டுவந்தாங்க. கோவாவில் போர்ச்சுக்கீசியர்கிட்ட அடிமையா இருந்தவங்களில் தப்பிச்சு இந்தக் காட்டுக்குள்ள வந்து குடியேறினவங்களும் உண்டு. தக்காணத்தில் அகமதுநகர் ராஜ்ஜியத்தையே நடத்தி, மொகலாயப் படையை எதிர்த்து நின்ன மாலிக் அம்பர் இப்படி அடிமையா வந்தவர்தான். அவர் 1626இல் இறந்தார்.

இந்த மக்களில் இந்துவும் இருக்காங்க, கிறிஸ்தவங்களும் இருக்காங்க, முஸ்லிமும் இருக்காங்க. கன்னடம், கொங்கணி, மராத்தி எல்லாம் பேசறாங்க. உத்தர கன்னடத்துச் சித்தி மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது 2003இல்தான். 2020இல் சாந்தாராம் சித்தி என்பவர் கர்நாடக மேலவைக்கு நியமனம் ஆனார். குஜராத்தில் இதே இனத்தைச் சேர்ந்த ஹீராபாய் லோபி என்ற அம்மா, பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சேமிப்பு, தொழில், பிள்ளைங்க படிப்புன்னு வேலை செஞ்சு 2023இல் பத்மஸ்ரீ விருது வாங்கினாங்க. நம்மளை மாதிரி குழுப் பெண்தான் அவங்களும்.

கவந்தி என்கிற போர்வை

அந்தப் பெண்கள் பழைய துணிகளை வெச்சுப் போர்வை தைக்கிறாங்க. அதுக்குக் கவந்தின்னு பேர். கன்னடத்தில் கவுதின்னு சொல்றது இதைத்தான். வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிராவில் கோதடின்னு ஒவ்வொரு பக்கமும் ஒரு பேர் இருக்கு. நம்ம ஊரில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாம, பாட்டியோட பழைய நூல் சேலையைக் கிழிச்சு விரிப்போமே, தூளி கட்டுவோமே, அதே புத்திதான் இதுவும். துவைச்சுத் துவைச்சு மெதுவான துணிக்கு ஈடு கிடையாது.

காலையில் ஒன்பதரை மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். பால் இல்லாத டீ கொடுத்தாங்க. அந்த வீட்டுக்குள்ள ஒரு மூலையில் மடிச்ச போர்வைகளை ஒண்ணு மேல ஒண்ணா இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வெச்சிருந்தாங்க. நாம பீரோவில் பட்டுச்சேலை அடுக்கிற மாதிரி. அந்த அடுக்கு உயரமா இருந்தா அந்தக் குடும்பத்துக்கு மரியாதை. வர்ற விருந்தாளிக்கெல்லாம் விரிக்கவும் போர்த்தவும் இருக்குன்னு அர்த்தம்.

எப்படித் தைக்கிறாங்கன்னு சொல்றேன், கவனமாக் கேளுங்க. முதலில் ஒரு பழைய சேலையைத் தரையில் விரிக்கிறாங்க. அதுதான் அடிப்பக்கம். கடையில் வாங்கற பஞ்சு ஒண்ணும் வேண்டாம். சட்டை, பாவாடை, லுங்கி, ஜாக்கெட்டுன்னு நைந்த துணியில் நல்லா இருக்கிற பாகத்தை மட்டும் கிழிச்சு எடுக்கிறாங்க. ஒரு மூலையில் ஆரம்பிச்சு, துண்டோட ஓரத்தை உள்ளே மடிச்சு, ஓட்டுத் தையல் போட்டுக்கிட்டே ஓரமாப் போறாங்க. ஒரு துண்டு முடியற இடத்தில் அடுத்த துண்டு. நாலு பக்கமும் ஒரு சுற்று வந்த பிறகு, அதுக்கு உள்பக்கம் அடுத்த சுற்று. இப்படியே ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து முடியுது. முன்கூட்டியே கோடு போடறது, அளவெடுக்கிறது எதுவும் இல்லை. கடைசியில் பார்த்தா போர்வை முழுக்க வரிவரியாத் தையல்தான். அந்தத் தையல்தான் அத்தனை துணியையும் சேர்த்துப் பிடிக்குது.

எல்லாம் முடிஞ்ச பிறகு நாலு மூலையிலும், சின்னச் சதுரத் துணியை முக்கோணமா மடிச்சு வெச்சுத் தைக்கிறாங்க. அதுக்கு ஃபுலான்னு பேர், பூன்னு அர்த்தம். அந்த நாலு பூ இல்லாட்டி போர்வை முடிஞ்சதாகவே கணக்கில்லை. பூ வைக்காத போர்வை துணி உடுத்தாத மாதிரின்னு சொல்றாங்க. குடிக்கக் கஞ்சி இருக்கோ இல்லையோ, போர்வைக்குப் பூ வேணும்! பொண்ணுங்க எங்கே இருந்தாலும் பொண்ணுங்கதான்.

என் தையல் கோணல்

எனக்கு ஒரு ஓரத்தைக் கொடுத்தாங்க. பக்கத்தில் எழுபது வயசு இருக்கும் ஒரு அஜ்ஜி. நான் தையல் மெஷினில் ஜாக்கெட் தைக்கிறவ. "கையில தைக்கிறது என்ன பெரிய விஷயம்"னு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் விரல் நுனி புண்ணாயிடுச்சு. மூணு நாலு மடிப்புத் துணியில் ஊசி இறங்க மாட்டேங்குது. என் தையல் ஒண்ணு அரிசி அளவு, ஒண்ணு அவரைக்கொட்டை அளவு. வரியும் பாம்பு போன மாதிரி வளைஞ்சுது. அஜ்ஜி தையல் எள்ளு விதைச்ச மாதிரி ஒரே சீரா இருக்கு.

எனக்கு வெட்கமாப் போச்சு. பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கிறேன்னு நூலை இழுத்தேன். அஜ்ஜி என் கையைப் பிடிச்சு நிறுத்தி கன்னடத்தில் ஏதோ சொன்னாங்க. தளி பக்கத்திலிருந்து எங்க கூட வந்த அக்காவுக்குக் கன்னடம் நல்லா வரும். அவங்க சொன்னாங்க: "பிரிச்சா துணியில் ஓட்டை விழும், பழைய துணி தாங்காது. அப்படியே விடு, பக்கத்திலேயே நான் ஒரு வரி போடறேன்கிறாங்க."

அதே மாதிரி என் கோணல் தையலுக்கு ரெண்டு பக்கமும் அஜ்ஜி ஒவ்வொரு வரி ஓட்டினாங்க. இழுத்துப் பார்த்தேன், கெட்டியா நின்னுது.

மத்தியானம் சோறும் சாறும் போட்டாங்க. சாப்பிட்டு மறுபடி உட்கார்ந்தோம். எங்களோடு வந்த பயிற்சியாளர் மேடம், 2004இல் இந்தப் பக்கத்துச் சித்திப் பெண்கள் சேர்ந்து போர்வைக்கூட்டுறவு ஒண்ணு ஆரம்பிச்சு வெளிநாடு வரைக்கும் விற்ற கதையைச் சொன்னாங்க. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் இதே மாதிரி ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் 1966இல் போர்வை தைக்கிற கூட்டுறவு ஆரம்பிச்சாங்களாம். ஓட்டுரிமை கேட்டதுக்காக வேலையும் வீடும் இழந்த குடும்பங்கள் இருந்த பகுதி அது. அந்தப் பகுதியில் ஜீஸ் பெண்ட் என்கிற ஊரின் போர்வைப் படங்களைப் போட்டு 2006இல் அமெரிக்காவில் தபால்தலையே வெளியிட்டாங்க. பழைய துணிதானேன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

"யார் போய்ப் பார்த்தீங்க?"

கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா? குழுக்கதை எல்லாம் பேசினோம். நான் கேட்டேன்: "உங்க குழுவில் கடன் கட்டாதவங்களை என்ன செய்வீங்க?"

ஏதாவது நல்ல வழி சொல்லுவாங்கன்னு நினைச்சேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. "எங்களுக்கும் அதே சண்டைதான்"னாங்க. அப்புறம் ஒரு அம்மா ஊசியில் நூல் கோத்துக்கிட்டே திருப்பிக் கேட்டாங்க: "உங்க குழுவில் இப்போ அப்படி யாராவது இருக்காங்களா?"

இருந்தாங்க. அதைத்தான் நான் இப்போ சொல்லணும்.

எங்க குழுவில் 15 பேர். அதில் ஒரு அக்கா உள்கடன் 20,000 ரூபாய் வாங்கினாங்க. வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. மாசம் 1,000 வீதம் ஆறு தவணை, 6,000 கட்டினாங்க. அப்புறம் அவர் தவறிட்டார். அதுக்குப் பிறகு எட்டு மாசம் ஒரு பைசா வரலை, கூட்டத்துக்கும் வரலை. பாக்கி 14,000. கூட்டத்துக்கு வராததுக்கு ஒரு தடவைக்கு 20 ரூபாய் அபராதம், மாசம் ரெண்டு கூட்டம். தவணை தவறினதுக்கு மாசம் 50. எட்டு மாசத்துக்குக் கணக்குப் போட்டா அபராதம் மட்டும் 720 ரூபாய். நானே என் கையால் நோட்டில் எழுதினேன்.

"இப்படியே விட்டா மத்தவங்களும் கட்ட மாட்டாங்க, தரம் பிரிக்கும்போது மார்க் குறையும், பேங்க் லோன் வராது"ன்னு உறுப்பினர்கள் பேசினாங்க. அது நியாயமான பேச்சுதான். அவங்களைக் குழுவிலிருந்து நீக்கி, அவங்க சேமிப்பைக் கடனில் கழிச்சுக்கலாம்னு தீர்மானம் எழுதினேன். பயணம் முடிஞ்சு வந்ததும் எல்லாரும் கையெழுத்துப் போடறதா ஏற்பாடு. தீர்மானப் புத்தகம் என் வீட்டு அலமாரியில் இருந்தது.

இதையெல்லாம் சொன்னேன். தளி அக்கா கன்னடத்தில் எடுத்துச் சொன்னாங்க. அந்த அம்மா தலையை ஆட்டிக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "எட்டு மாசமா வரலையே, அவ வீட்டுக்கு யார் போய்ப் பார்த்தீங்க?"

எனக்குப் பதில் இல்லை. சொல்லி அனுப்பினோம், பிரதிநிதியோட பொண்ணை விட்டு நோட்டீஸ் கொடுத்தோம், ரேஷன் கடையில் பார்த்தப்போ முகத்தைத் திருப்பிக்கிட்டோம். துக்கத்துக்குப் போனதோடு சரி. அதுக்கப்புறம் மத்த 14 பேரில் ஒருத்தர்கூட அந்த வாசப்படி மிதிக்கலை. எங்க தெருவுக்கும் அவங்க தெருவுக்கும் நடுவே ஒரு மாரியம்மன் கோயில்தான் தூரம்.

நான் குனிஞ்சு தைச்சுக்கிட்டே இருந்தேன். அஞ்சு மணிக்குக் கிளம்பும்போது போர்வையில் மூணு சுற்றுத்தான் முடிஞ்சிருந்தது. அஜ்ஜி என் விரலைப் பார்த்துச் சிரிச்சாங்க.

திரும்பி வந்த பிறகு

வந்த மறுநாள் சாயந்திரம் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவங்க சொன்ன முதல் வார்த்தை, "பணம் இல்லம்மா." நான், "பணத்துக்கு வரலைக்கா, உங்களைப் பார்க்க வந்தேன்"னேன். நம்பலை. நம்புற மாதிரி நான் எப்போ நடந்தேன்?

அரை மணி நேரம் கழிச்சுத்தான் பேசினாங்க. ஆஸ்பத்திரிக்குக் குழுக்கடன் பத்தாம, வாரத்தவணை வசூல் பண்ற ஒரு கம்பெனியில் 40,000 வாங்கியிருக்காங்க. அவங்க வாரா வாரம் வாசலில் வந்து நிக்கறாங்க. காட்டு வேலைக்குப் போய்க் கொண்டுவர்ற கூலியில் பாதி அதுக்கே போயிடுது. "அவங்க வாசலில் நின்னா அக்கம்பக்கம் பார்க்கும். நம்ம குழு நம்ம குழுதானே, பொறுத்துக்குவீங்கன்னு நினைச்சேன். அப்புறம் அபராதம் ஏறிடுச்சு. எந்த முகத்தோட கூட்டத்துக்கு வர்றது?"ன்னாங்க.

அக்கா தங்கச்சிகளே, இந்த இடத்தில் ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு 2022இல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கு. ஒரு குடும்பத்துக்கு இருக்கிற எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டற மாதத் தவணை, அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டற மாதிரி கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாடியும் சாயந்திரம் 6 மணிக்கு மேலயும் வசூலுக்கு வரக் கூடாது, போன் பண்ணவும் கூடாது. திட்டறது, மிரட்டறது, அசிங்கப்படுத்தறது கூடாது. இதை நான் அந்த அக்காவுக்குச் சொன்னப்போ, "ராத்திரி எட்டு மணிக்குத்தான் வர்றாங்க"ன்னாங்க. அடுத்த வாரம் நானும் எங்க பிரதிநிதியும் அந்த நேரத்துக்குப் போய் அந்த வாசலில் உட்கார்ந்தோம். சண்டை போடலை. "விதி இப்படி இருக்கு சார், காலையில் வாங்க"ன்னு மட்டும் சொன்னோம். அதுக்குப் பிறகு பகலில்தான் வர்றாங்க.

தீர்மானம் மாறியது

மாசி மாசக் கூட்டத்தில் இதைப் பேசினேன். எல்லாரும் உடனே சரின்னு சொல்லிடலை. ஒரு தங்கச்சி நேராவே கேட்டுது: "என் வீட்டிலும் கஷ்டம்தான். நான் தாலியில் இருந்த குண்டுமணியை அடகு வெச்சுத் தவணை கட்டினேன். எனக்கு யார் அபராதம் தள்ளுபடி பண்ணினாங்க?" இதுக்கு என்னால் பதில் சொல்ல முடியலை. அந்தத் தங்கச்சி கேட்டது தப்பே இல்லை. அதையும் இந்த மேடையில் சொல்லிடறேன்.

கடைசியில் எடுத்த முடிவு இது: அசலில் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி கிடையாது, ஏன்னா அது எல்லாரோட சேமிப்பு. வட்டியும் வழக்கம்போல நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய். ஆனா தவணை மாசம் 1,000க்குப் பதிலா 500. 14,000 ரூபாயை 28 மாசத்தில் கட்டணும். அபராதம் 720 ரத்து. அதோட ஒரு புது விதி: யாராவது தொடர்ந்து ரெண்டு கூட்டத்துக்கு வரலைன்னா, அபராதம் எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு உறுப்பினர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரணும். போன தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். இது எல்லாருக்கும் பொதுவான விதி.

அந்த அக்காவைத் தவிர 14 பேரில் 9 பேர் சம்மதம், 4 பேர் இல்லை, ஒருத்தர் எதுவும் சொல்லலை. நீக்கற தீர்மானத்தைக் குறுக்குக் கோடு போட்டு ரத்துன்னு எழுதினோம். பங்குனியிலிருந்து அஞ்சு தவணை வந்திருக்கு. ஒண்ணு மட்டும் பத்து நாள் தாமதம். பாக்கி இப்போ 11,500. மீதியும் வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த அக்கா இப்போ கூட்டத்தில் உட்கார்ந்திருக்காங்க. உட்கார்ந்திருந்தா கேட்கலாம், வெளியே தள்ளிட்டா யார்கிட்ட கேட்கறது?

நாங்கள் தைத்த போர்வை

அதுக்கப்புறம் எங்க குழுவிலும் ஒரு போர்வை தைச்சோம். ஆளுக்கு ஒரு பழைய சேலை கொண்டுவந்தோம். ஆறடிக்கு நாலடி. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது பேர், தினம் அஞ்சு மணி நேரம். மூலைக்கு நாலு பூவும் வெச்சோம்.

அப்போ ஒரு பேச்சு வந்தது. அந்த அக்கா தன் வீட்டுக்காரரோட நீலக்கட்டம் போட்ட லுங்கியைக் கொண்டுவந்து, "இதிலயும் ஒரு துண்டு வைக்கலாமா?"ன்னு கேட்டாங்க. சிலருக்கு மனசு ஒப்பலை. நாளைக்குப் பச்சைக் குழந்தைக்கு விரிக்கற போர்வை, போனவர் துணி வேண்டாமேன்னாங்க. அக்கா முகம் வாடிப்போச்சு. எங்க குழுவிலேயே மூத்த அம்மா ஒருத்தர், "அது உன் வீட்டுத் துணி, உன் போர்வையில் இருக்கட்டும். நீ தனியா ஒண்ணு தை, நாங்க வந்து தைச்சுக் கொடுக்கறோம்"னாங்க. இப்போ சாயந்திரம் வேலை முடிஞ்சா ரெண்டு மூணு பேர் அவங்க திண்ணையில் உட்கார்ந்து அதைத்தான் தைக்கிறோம். "வேண்டாம்"னு கையைத் தூக்கின நாலு பேரில் ஒருத்தரும் வந்து தைக்கிறாங்க. என் தையல் இப்பவும் கோணல்தான்.

குழுப் போர்வைக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கோம். யார் வீட்டில் பிரசவமோ, காய்ச்சலோ, அவங்க வீட்டுக்குப் போகும். துவைச்சுத் திருப்பணும். இப்போ ஒரு உறுப்பினரோட மகள் பிள்ளை பெத்து வந்திருக்கு, அங்கே இருக்கு.

இதைத் தொழிலாகச் செய்யலாமா?

நிறையப் பேர் கேட்கறீங்க, அதனால் கணக்கைச் சொல்லிடறேன். ஒன்பது பேர், ரெண்டு நாள், அஞ்சு மணி நேரம்னா மொத்தம் 90 மணி நேர வேலை. எட்டு மணி நேரம் ஒரு நாள்னு வெச்சா பதினோரு நாளுக்கு மேல வருது. நாள் கூலி வெறும் 300 ரூபாய்னு போட்டாலே கூலி மட்டும் 3,300. நூலுக்கும் ஊசிக்கும் 200 செலவாச்சு. ஆக 3,500 ரூபாய். நாங்க புதுசு, கை பழகினா நேரம் பாதியாக் குறையலாம். அப்பவும் 1,850க்குக் குறையாது. நம்ம ஊர்ச் சந்தையில் மில் போர்வை 400 ரூபாய்க்குக் கிடைக்குது. அங்கே போய் இதை யார் 1,850க்கு வாங்குவாங்க?

அதனால வாங்கறவங்க யாருன்னு தெரியாம, இதுக்காகப் பொருளாதாரக் கடன் வாங்காதீங்க. கைவேலைக்கு மதிப்புக் கொடுக்கிற பெரிய ஊர்க் கண்காட்சி, கடைன்னு முதலில் விசாரிக்கணும். ரெண்டு மூணு மாதிரி தைச்சுக் காட்டணும். ஆர்டர் கையில் வந்த பிறகு பேசலாம். முக்கியமா, நம்ம உழைப்பு நேரத்தை நோட்டில் எழுதுங்க. "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே"ன்னு நாமே நம்ம கூலியைக் கணக்கில் விட்டுடறோம். அப்புறம் வாங்கறவன் எப்படிக் கொடுப்பான்?

வீட்டுக்குத் தைக்கிறதா இருந்தா தாராளமாத் தைங்க. நூல் துணியா எடுங்க. நைலான், பாலியஸ்டர் கலந்தா குழந்தைக்கு வேர்க்கும், துவைக்கும்போது ஒண்ணு சுருங்கும் ஒண்ணு சுருங்காது. எல்லாத் துணியையும் முதலில் துவைச்சுக் காய வெச்சுக்கோங்க. சாயம் போற துணியைச் சேர்க்காதீங்க. நூலை ரெட்டையாப் போடுங்க. முழுசாத் தைக்கிறதுக்கு முன்னாடி முழங்கை அளவில் ஒரு குழந்தைப் போர்வை தைச்சுப் பழகுங்க.

நேரம் ஆச்சுன்னு செயலாளர் அக்கா பார்க்கறாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் உங்க குழுவோட வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்க. ரெண்டு மூணு கூட்டமா வராத பேர் ஒண்ணாவது இருக்கும். நாளைக்குச் சாயந்திரம் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்ட்டு வாங்க. கையில் நோட்டு எடுத்துக்கிட்டுப் போகாதீங்க.